அவனுக்கென்று யாருமில்லை

கோரின் தன் கட்டுரையிலிருந்து அடியோடு எடுத்தது அந்த அம்மாவைத்தான்.

நோயாளியைப் பற்றி எழுதினால் அது யார் என்று தெரியக் கூடாது. சட்டம் அப்படி. பெயர், ஊர், வயது, தேதி எதுவும் வரக் கூடாது. படிக்கிறவர் ஊகித்துவிடும்படி ஒரு சாடைகூட இருக்கக் கூடாது. ஆகவே இறந்துபோன நோயாளி, இருபத்தாறு வயது ஜனீலை அவள் நாற்பது வயது ஆணாக்கினாள். உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்த்தவளை மரம் வெட்டப் போகிறவனாக்கினாள். அதெல்லாம் சுலபமாக இருந்தது. அம்மாவிடம் வந்ததும் பேனா நின்றது. வாரா வாரம், பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், மகளைக் காரில் கொண்டு வந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்த அம்மா. ஆற்றங்கரை ஊர்களில் யார் படித்தாலும், 'ஓ, இது ஒனில்டா சோசியே' என்பார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எடுத்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அதில் ஒரு வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்தது.

'அவனுக்கென்று யாருமில்லை.'

அதை எழுதியதும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் பரவியது. பிற்பாடு பலமுறை அவள் அந்தச் சந்தோஷத்தைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தாள். வாக்கியத்தைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றும். அது கிடைத்ததும், மாவு சரியான பதத்துக்கு வந்துவிட்டது போல மனசு குளிர்ந்ததே, அதை என்ன செய்வது?

பனிக்கால ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கணவன் ரெஜிஸ் மர லாரியின் பின்சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவன் லாரி இங்கே, அவன் காடு இங்கே. ஐந்து மணி நேரம் தெற்கே போனால், அவள் விண்ணப்பிக்கிற இதே ரெசிடென்ஸி பயிற்சியைத் தருகிற இடங்கள் இரண்டு மூன்று உண்டு. அவளால் போக முடியாது. இந்தப் பகுதியின் சமூக நல கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே ஓர் இடம்தான். அது கிடைத்தால் ஓர் ஆண்டு, தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நோயாளிகளைப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், படித்து முடித்து டாக்டர் போலவே வைத்தியம் பார்க்கத் தகுதி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் என்று மறுநாளே ஓர் அறையும் ஒரு கதவும் கொடுத்துவிடுவார்கள். டாக்டர்கள் வந்து தங்காத ஊர். கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். உள்ளே அவள் மட்டும்.

அதுதான் அவளுடைய பயம். ஜனீல் சாவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டது கோரின்தான். அன்று டாக்டர் வரவில்லை. கேட்டது சாதாரணத் துடிப்பு என்றுதான் நினைத்தாள். போதை ஊசி வழியாகப் போன கிருமி அதற்குள் இருதய வால்வைத் தின்ன ஆரம்பித்திருந்தது. அப்போது நர்ஸாக மட்டும் இருந்தவளைப் பார்த்து யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் அன்றிலிருந்து யார் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாலும், தன் காதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. 'இந்தப் பணிக்கு உங்களை அழைத்து வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கள்' என்ற விண்ணப்பக் கேள்விக்கு நியாயமாக அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காது கேட்காத நர்ஸுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

ஒன்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. போதைப் பழக்கத்தை விடுவதற்குக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். கரைகிறவரை பேசக் கூடாது. அந்த நேரத்தில் ஜனீல், பரிசோதனை மேஜை மேல் விரித்திருக்கும் வெள்ளைத் தாளில் படம் வரைவாள். எப்போதும் குதிரைதான். நாலு காலிலும் பனி பூட்ஸ் போட்ட குதிரை. கோரின் அதை நாயாக்கிப் பார்த்தாள். நாய் உயிரில்லாமல் நின்றது. குதிரையையே திரும்ப வைத்தாள்.

*

கிளினிக்கின் உதவியாளர் ஜினெட், சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படித்தாள். ரொட்டியில் தடவிய பன்றி இறைச்சி விழுது விரலெல்லாம் ஒட்டியிருந்ததால், தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தாள். பாதியிலேயே கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பாவி, சோறு திங்கற நேரத்துல குடுத்தியே. உப்புப் போடாத ரொட்டி, இப்ப உப்பாயிடுச்சு."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காவா! 'அவனுக்கென்று யாருமில்லை.' இந்த ஒரு வரி போதும்டி. இதுக்கே குடுத்துடுவாங்க." ஜினெட் தாளைத் திருப்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நம்ம ஜனீல்தானே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"பூட்ஸ் போட்ட குதிரையை வேற எந்தக் கிறுக்கு வரையும்? அந்தத் தாளை மாத்திப் போட்டது நான்தானே. தூக்கிப் போட மனசே வராது." கொஞ்ச நேரம் மென்றாள். "தெற்கத்திக்காரங்கதான் படிக்கப் போறாங்க. அவங்களுக்குக் குதிரையும் தெரியாது, ஜனீலையும் தெரியாது. அனுப்பு."

"அம்மாவை எடுத்துட்டேன்."

"எடுக்காம? சட்டம்ல," என்றாள் ஜினெட், அடுத்த ரொட்டியைக் கையில் எடுத்தபடி.

*

நேர்முகம் மார்ச்சில். தலைமை கிளினிக் இருக்கும் ஊருக்கு ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மொத்தம் மூன்று பேரை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்றும், அவளைத் தவிர மற்ற இருவரும் வெளி மாநிலத்தவர்கள் என்றும் வரவேற்பறையிலேயே தெரிந்துவிட்டது. இந்த கிளினிக்குகளை நடத்துகிற வாரியத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிற நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. யாரையாவது வேலைக்கு எடுப்பதென்றால் அவர்களில் ஒருவர் கூட உட்காருவார். கிழங்கு விவசாயி ரொசேர் கிழவர்தான் வழக்கமாக வருவார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். நாற்காலியிலேயே தூங்கிவிடுவார் என்று ஜினெட் சொல்லியிருந்தாள்.

கதவைத் திறந்ததும் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். பயிற்சியின் தலைவர் டாக்டர் விட்கம். கூடவே நின்று சொல்லிக்கொடுக்கப் போகிற மூத்த நர்ஸ் பிராக்டிஷனர் ஹோலி. மூன்றாவது நாற்காலியில் ஒனில்டா சோசியே.

தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கம்பளிச் சட்டை. தலைமுடியை ஒழுங்காக வாரிக் கட்டியிருந்தாள். முன்னால் கோரின் எழுதிய இரண்டு பக்கங்கள். அவற்றின் மேல், ஓரம் கலையாமல், ஒரு கை.

"ரொசேருக்கு இடுப்பு ஆபரேஷன். அவருக்குப் பதிலா மேடம் சோசியே வந்திருக்காங்க," என்றார் விட்கம். "போன வருஷக் கடைசியிலதான் வாரியத்துல சேர்ந்தாங்க."

"எங்களுக்குள்ள பழக்கம் உண்டு," என்றாள் ஒனில்டா.

விட்கம் சிரித்தார். "இந்தப் பக்கம் யாருக்குத்தான் யாரைத் தெரியாது! நெருங்கின சொந்தம்னா மட்டும் சொல்லிடுங்க, நீங்க விலகிக்கலாம்."

"சொந்தம் ஒண்ணும் இல்ல."

கோரின் உட்கார்ந்தாள். ஜனீலின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒனில்டாவின் கையில் சுருட்டிய ஒரு வெள்ளைத் தாளைத் தான் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜனீல் கடைசியாக வரைந்தது. ஒனில்டா அதைப் பிரிக்கவில்லை. கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பிரித்திருக்க மாட்டாள் என்று இந்த நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். பிரிக்காமல் எப்படி இருப்பாள்?

ஹோலி முதலில் கேட்டாள். குரலில் கனிவு இருந்தது. "இத்தனை வருஷம் நர்ஸா இருந்திருக்கீங்க. பரீட்சையும் பாஸ் பண்ணியாச்சு. நேரா வேலைக்குப் போகலாமே. இன்னும் ஒரு வருஷம் எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். என் காதை நான் நம்பவில்லை, யாராவது பக்கத்தில் நின்று, ஆமாம் நீ கேட்பது சரிதான் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான். இரண்டே வாக்கியம். ஆனால் எந்த மார்பில் கேட்கத் தவறினாளோ அந்த மார்பைப் பெற்றவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். "கிராமப்புற வைத்தியம் ரொம்பச் சிக்கலானது, அதுக்கு ஆழமான அனுபவம் வேணும்னு நினைக்கறேன்," என்று தயார் செய்த பதிலைச் சொன்னாள். ஹோலி தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

பிறகு விட்கம் கட்டுரையைக் கையில் எடுத்தார்.

"இதைப் பத்திச் சொல்லியே ஆகணும். நிறைய படிக்கறோம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனா இது, 'அவனுக்கென்று யாருமில்லை. அந்தப் பதினைந்து நிமிஷம் அவனோடு உட்கார்ந்திருக்க உலகத்தில் என்னைத் தவிர யாருமில்லை.' இங்க வந்ததும் தாளைக் கீழ வெச்சுட்டேன். ஜன்னல்கிட்டப் போய் நின்னேன்."

சத்தமாகப் படித்தபோது அந்த வாக்கியம் அழகாகத்தான் இருந்தது. அதுதான் கோரினைக் கொன்றது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ஒனில்டா.

"தாராளமா."

ஒனில்டா தாளைப் பார்க்கவில்லை. "இந்த ஆளுக்கு நெஜமாவே யாரும் இல்லையா?"

அறை வெப்பமாக இருந்தது. சுவரோரத்துச் சூட்டுக் குழாய் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. கோரினுக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. 'இருந்தார்கள், ஓர் அம்மா இருந்தாள்' என்றால் எழுதியது பொய் என்றாகும்; மாற்ற வேண்டியது அடையாளத்தைத்தான், நீ மாற்றியது என்ன என்று கேட்பார்கள்; அந்த அம்மா யார் என்று இந்த மேஜையே திரும்பிப் பார்த்துவிடும். 'இல்லை' என்றால் அந்த முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். எது வரப் போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

விட்கம் குறுக்கிட்டார். "மேடம், மன்னிக்கணும். நோயாளி பத்தின விவரத்தை அவங்க சொல்லக் கூடாது. நாமளும் கேக்கக் கூடாது."

"நான் பேரா கேட்டேன்? ஊரா கேட்டேன்? யாராவது இருந்தாங்களான்னுதானே கேட்டேன்."

"புரியுது. இருந்தாலும்..." அவர் கோரினைப் பார்த்து, நீ பயப்படாதே என்பது போலப் புன்னகை செய்தார்.

அவர் திறந்துவிட்ட கதவு அது. "மன்னிச்சிருங்க மேடம்," என்றாள் கோரின். "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

குரல் நிதானமாக வந்தது. பயிற்சி பெற்ற குரல். தொலைபேசியில் விசாரிக்கும் அண்டை வீட்டார், போலீஸ்காரர், விவாகரத்தான கணவர் என்று எத்தனையோ பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை ஒனில்டாவிடமேகூட. 'அவ இன்னிக்கு மருந்து வாங்கிக்கிட்டாளா, அதை மட்டுமாவது சொல்லு கோரின்' என்று கார் ஜன்னலைத் தாழ்த்திக் கேட்டவளிடம். ஜனீலுக்காகப் போட்ட வேலி. இன்றைக்கு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது ஜனீல் இல்லை.

"சரி," என்றாள் ஒனில்டா. பேனாவைத் திறந்து மதிப்பெண் தாளில் எதையோ எழுதினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு கட்டமாக.

*

வந்தவர்கள் மூவருக்கும் மத்தியானம் சாப்பாடு உண்டு. கோழி ஸ்டூ, கூடவே ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுத்த மஞ்சள் ப்ளோய் அப்பங்கள். வெளி மாநிலத்துப் பெண் ஒருத்தி அதை முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிட முயன்றாள். "வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கோ பொண்ணே, கையாலதான் சாப்பிடணும், யாரும் அடிக்க மாட்டாங்க," என்று ஒனில்டா காட்டிக்கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கோரினிடம் வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினாள். கோரின் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் அந்தப் பழைய சாம்பல் நிறக் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்குழாயிலிருந்து வெள்ளைப் புகை. கோரின் தன் காரின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போய்விடலாம். யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. பிறகு சேற்றுப் பனியில் கால் வைத்து அங்கே நடந்தாள்.

ஜன்னல் இறங்கியது.

"ஏறு. காத்து உள்ள வருது."

ஏறி உட்கார்ந்தாள். இருவரும் முன்கண்ணாடியையே பார்த்தார்கள்.

"உனக்கு முழு மார்க் போட்டிருக்கேன்," என்றாள் ஒனில்டா.

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த ரெண்டு பொண்ணுங்களும் வருஷம் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிடும். நீ போக மாட்டே. உன் புருஷன் லாரியை விட்டு வர மாட்டான். தங்கற ஆளைத் தேடணும்னுதான் நான் வாரியத்துல சேர்ந்தேன். அன்னிக்கு ஒரு டாக்டர் இருந்திருந்தா..." வைப்பரை ஒரு தடவை ஓட விட்டாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"ஒனில்டா, சட்டப்படி அடையாளம் எதுவும் வரக் கூடாது. அதனாலதான் உங்களை..."

"என் பேரை எடுக்கச் சொல்லிச்சு சட்டம். சரி. காரை எடுக்கச் சொல்லிச்சு. சரி. யாருமில்லைன்னு எழுதச் சொல்லிச்சா?"

"இல்ல."

"அது நீயா எழுதினது."

"ஆமா."

"தங்கச்சின்னு போட்டிருக்கலாம். பெரியப்பான்னு போட்டிருக்கலாம். ஒரு நாயையாவது காருல உக்கார வெச்சிருக்கலாம்." ஒனில்டா சிரிப்பது போல மூச்சு விட்டாள். "ஒண்ணு சொல்லட்டா? படிக்கறப்ப நான் அழுதேன். எனக்குத் தெரியலை முதல்ல. யாரோ மரம் வெட்டறவன்னுதான் படிச்சேன். அடப் பாவமே, இவனைப் பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சான்னு திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன், சமையலறையில நின்னு. அப்புறம் குதிரை வந்துது."

கோரின் கையுறையைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள்.

"நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடறேன்."

"வாங்கி?" ஒனில்டா முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கண்களில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. "அதை எனக்காகப் பண்ணினேன்னு வீட்டுக்குப் போய் நிம்மதியா படுத்துக்குவியா? அந்தப் பொண்ணு வரும், அப்பத்தை முள்கரண்டியால வெட்டும், போயிடும். அதுக்கா நான் வந்து உக்காந்தேன்? வேலையை எடுத்துக்கோ."

"நீங்க என்னை..."

"மன்னிக்கறதா? அதைக் கேக்காதே, கோரின். என்கிட்ட இல்ல." கியரில் கை வைத்தாள். "என் சுகர் வைத்தியத்தை மட்டும் ஆத்தோட மேல்கோடியில இருக்கற கிளினிக்குக்கு மாத்திக்கறேன். நீ என்னைத் தொட்டுப் பாக்க வேண்டாம். இறங்கு, எனக்கு இருட்டறதுக்குள்ள போகணும்."

அது நாற்பது மைல் தள்ளி. பனிக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். கோரின் இறங்கினாள்.

*

அடுத்த வாரம் விட்கம் கிளினிக்குக்கே அவளுக்குப் போன் செய்தார். மருந்துகளைப் பூட்டி வைக்கும் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். இடம் அவளுக்கே. மூன்று பேரும் ஒருமனதாக. செப்டம்பரில் ஆரம்பம். "மேடம் சோசியே ரொம்ப வற்புறுத்திச் சொன்னாங்க," என்றார். "ஆக, என்ன சொல்றீங்க? ஆமாவா?"

அந்த ஒரு வாரமாக அவள் மனதுக்குள் ஒரு பதிலை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்வாள். காரணம் சொல்ல மாட்டாள். அல்லது ஏற்றுக்கொள்வாள், ஆனால் முதலில் அந்த வரியைத் திருத்துவாள். இரண்டாவதுதான் ஒனில்டாவுக்கு நியாயம் என்று முந்தின நாள் தீர்மானமாகியிருந்தது. தன்னைப் பற்றித் தீர்மானிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சலுகையோடுதான் தீர்மானிக்கிறாள் என்பதும் தெரிந்தே இருந்தது.

"டாக்டர், அந்தக் கட்டுரையில ஒரு இடத்தை மாத்தித் தரணும். ஒரு விஷயம் தப்பா இருக்கு."

"எது? பேர் கீர் ஏதாவது வந்துடுச்சா?" அவர் குரல் உஷாராயிற்று.

"இல்ல. அதெல்லாம் இல்ல. அந்த ஆளுக்கு யாருமில்லைன்னு எழுதியிருந்தேன். அது..."

"ஐயோ, அதுதானே அதுல உயிரு!" விட்கம் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அவளுடைய தயக்கத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "கோரின், அது விண்ணப்பத்துக்கு எழுதினது. அதோட வேலை முடிஞ்சு போச்சு. மத்ததோட சேர்த்து ஃபைல்ல போட்டாச்சு. இனிமே அதை யாரும் எடுத்துப் படிக்கப் போறதில்ல. நீங்க கவலையே படாதீங்க."

யாரும் படிக்கப் போவதில்லை. அந்த ஃபைலுக்குள் ஜனீல் நாற்பது வயது மரவெட்டியாக, தன்னந்தனியாக, குதிரை வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சொல்வதற்கு இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. இருந்தாலும் அதைத் திருத்த வேண்டும், டாக்டர். அது அவள் நாக்கின் நுனிவரை வந்தது. கதவுக்கு வெளியே ஜினெட் யாரையோ வெயிட் மிஷின் மேல் ஏறச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழட்டுங்க மாமா, அது எடையில சேராது.

"ஆமா," என்றாள் கோரின். "வரேன். ரொம்ப நன்றி."

போனை வைத்ததும் மருந்து அலமாரியில் சாய்ந்துகொண்டாள். உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போயிற்று. தோள்கள் தளர்ந்தன, மூச்சு ஆழமாக வந்தது. அழப் போகிறோம் என்று நினைத்துக் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. அது நிம்மதி என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை.